நறநறவென்று ஒரு சத்தம்

புரட்டாசி முடியப் போகிறது என்றாலே வேளச்சேரிக்காரர்களுக்கு இரண்டு கவலைகள். தரைத்தளத்தில் இருக்கும் வீடு ஒன்று, தரைத்தளத்தில் நிற்கும் கார் இன்னொன்று. வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது, காரைக் கொண்டுபோகலாம். 2024 அக்டோபர் நடுவில் கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்ற படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் நனைந்துகொண்டு நின்ற சாம்பல் நிறச் சிறிய கார்களில் ஒன்று எங்களுடையது.

நாங்கள் என்பது கணவனும் மனைவியுமாக இரண்டு கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ் இலக்கியம் படித்து அதையே சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர், மற்றவருக்கு இயற்பியல். எங்களோடு எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. யார் எதைச் செய்தார் என்று பிரிக்காமல் 'நாங்கள்' என்றே எழுதிக்கொண்டு போவதற்குக் காரணம், செய்த தவறு இருவருக்கும் பொது என்பதுதான்.

பாலத்தில் காரை ஏற்றுவது பயந்தாங்கொள்ளித்தனம் என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்தார்கள். 2015 டிசம்பரில் இங்கே இருந்திருந்தால் செய்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நீர் ஏறியதை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் டயர், பிறகு சக்கரத்தின் நடுக்குமிழ், பிறகு கதவின் அடிவிளிம்பு. என்ஜினுக்குள் போகாமல் தண்ணீர் நின்றுவிட்டது எங்கள் அதிர்ஷ்டம். வடிந்தபின் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். இருக்கைகள் கழற்றி உலர்த்தப்பட்டன, தரைவிரிப்பு மாற்றப்பட்டது, எண்ணெய்கள் மாற்றப்பட்டன. பெரியவர் அப்போதே ஒன்று சொன்னார். "நாலு சக்கரத்தையும் கழட்டி பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்க. சேத்துத் தண்ணி போயிருக்கும்." சரி என்று தலையாட்டினோம். சொன்னோமா என்பது நினைவில்லை. பில்லில் அப்படி ஒரு வரி இல்லை என்பதைப் பத்து மாதம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தோம்.

2024 அக்டோபருக்கு வருவோம். மிரட்டிய அளவுக்கு மழை பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி விடியற்காலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து ஓய்ந்தது. பாலத்தில் நான்கு நாள் நின்ற காரை ஒரு சனிக்கிழமை எடுத்தோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும், முன்னால் எங்கிருந்தோ, பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம்.

பயப்படவில்லை. காரணம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பிரேக்கின் டிஸ்க் வார்ப்பிரும்பு. வண்ணமோ பூச்சோ தாங்காத இடம், ஏனென்றால் உராய்வதுதான் அதன் வேலை. ஓர் இரவு நனைந்தாலே செம்பழுப்பாகத் துரு படர்ந்துவிடும். நான்கைந்து முறை மிதித்தால் பேடுகள் அந்தத் துருவைச் சுரண்டி எறிந்துவிடும், சத்தமும் போய்விடும். இது முழு உண்மை. மழைக்காலக் காலையில் எந்தக் குடியிருப்பிலிருந்தும் கிளம்பும் கார்களில் பாதியாவது முதல் பிரேக்கில் இப்படி உறுமும். இயற்பியல் அறிந்தவர் இதை விளக்க, தமிழ் அறிந்தவர் கேட்டுக்கொண்டு, இருவரும் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தோம்.

எங்களை ஏமாற்றியது தவறான தகவல் அன்று, சரியான தகவல். துருச் சத்தம் நான்கைந்து மிதியில் போக வேண்டும். எங்களுடையது திங்கட்கிழமையும் இருந்தது, வியாழக்கிழமையும் இருந்தது. 'நிறைய நாள் நின்றது, நிறையத் துரு' என்று விளக்கத்தை நீட்டிக்கொண்டோம். வகுப்பில் மாணவர் ஒருவர் பாடலுக்கு இப்படிப் பொருள் சொன்னால் விடமாட்டோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகஸ்டு மாதத்திலிருந்தே கார் வேறொரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது, மெல்லிய 'கிறீச்'. எங்கள் குடியிருப்பின் காவலாளி அந்த ஒலியைக் கேட்டே தெருமுனையில் வருவது எங்கள் வண்டி என்று அறிந்து கேட்டைத் திறந்து வைப்பார். ஹார்ன் அடிக்கத் தேவையில்லாமல் போனதை ஒரு வசதியாகவே கருதியிருந்தோம். செப்டம்பரின் கடைசியில் அந்தக் கிறீச் தானாகவே நின்றுபோனது. அதையும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரம் ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டினோம். பெயர் வேண்டாம். சீருடை அணிந்த இளைஞர் டார்ச் அடித்துச் சக்கரத்தின் இடுக்கு வழியே பார்த்தார். "பேடு நல்லா இருக்கு சார், பாதிக்கு மேல இருக்கு. டிஸ்க்ல லேசா துரு, ஓட ஓட சரியாயிடும்" என்றார். எங்கள் விளக்கத்தையே அவரும் சொன்னதில் அப்படி ஒரு மகிழ்ச்சி. வரும் வழியில் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தோம்.

நவம்பர் முதல் வாரம், விஜயநகர் சிக்னல். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிற நேரம். இடப்பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பின்னால் புத்தகப்பையோடு ஒரு பெண்குழந்தை. மிதித்தோம். வழக்கமாக நிற்கும் இடத்தில் கார் நிற்கவில்லை. முன்னால் இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம். வண்டி வலப்பக்கம் சற்று இழுத்துக்கொண்டு, ஸ்கூட்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. குழந்தை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அதற்குள் பச்சை வந்து பின்னால் ஹார்ன்கள் எழுந்தன. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது எங்களில் யார் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. அன்று இரவு இருவருமே சாப்பிடவில்லை.

அப்படியும் மறுநாள் காரை எடுத்தோம். பெரியவருக்கு அடையாறில் கண் பரிசோதனை; மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நேரம். மெதுவாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டோம்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவான சில ஆண்டுகளில் ஓட்டுநராகச் சேர்ந்தவர். பெயர் மாறி மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனபிறகு, 2003இல் ஓய்வு பெற்றார். அந்தக் காலப் பேருந்துகளில் என்ஜின் ஓட்டுநருக்கு இடப்பக்கம், ஒரு தகர மூடிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதன் அருகில் உட்கார்ந்ததில் முதலில் இடக்காது போனது, பிறகு வலக்காதும் மங்கியது. இப்போது கேட்கும் கருவி உண்டு. வண்டியில் ஏறினால் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஆகவே மூன்று வாரமாக அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. வீணாகக் கவலைப்படுவார் என்பது நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பிரேக்கைப் பார்க்கச் சொன்னேனே என்பார் என்பது சொல்லிக்கொள்ளாத காரணம்.

முன் இருக்கையில், இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்காருவது அவர் பழக்கம். தரமணி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தம் காலைப் பார்ப்பதை மட்டும் கவனித்தோம். மருத்துவமனை வாசலில் இறங்கியவர் உள்ளே போகாமல் காரின் முன்பக்கம் சுற்றிப் போனார். வலது முன்சக்கரத்துக்கு நேரே, தொடாமல், உள்ளங்கையைக் காட்டினார். பிறகு இடது முன்சக்கரம். கையை உடனே இழுத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தார்.

"லைனிங் போயிடுச்சு. இரும்பு பேசுது. எத்தனை நாளா ஓட்டுறீங்க?"

சொன்னோம். அவர் காதுக்கு எட்டவில்லை. கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எத்தனை நாளா?" என்றார் மறுபடி. மூன்று வாரம் என்றோம்.

"காது கேக்காதவன்கிட்ட சத்தத்தை மறைச்சிருக்கீங்க." கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ கணக்கைச் சரிபார்ப்பவர் போலச் சொல்லிவிட்டுக் கண் பரிசோதனைக்கு உள்ளே போய்விட்டார். திரும்பும்போது அவரை ஆட்டோவில் அனுப்பினோம். காரை அடையாறிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அதைக்கூடச் செய்யாமல், முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக உருட்டிக்கொண்டு வந்தோம். பிறகு அதற்கும் திட்டு வாங்கினோம், மெக்கானிக்கிடம்.

தண்டீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் பழைய வேளச்சேரி ஊர் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நூறடிச் சாலையின் வெளிச்சங்கள் எட்டாத ஒரு சந்தில் தகரக்கூரை போட்ட மெக்கானிக் ஷெட். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், ஓர் உதவியாள், இரண்டு ஜாக்கி, ஒரு பூனை. பெரியவர்தான் வழி சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை தாமே எங்களுக்கு முன்னால் நடந்து வந்து அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

"என்ன சத்தம் சார்?" என்றார் மெக்கானிக்.

இருபது ஆண்டுகளாக இரட்டைக்கிளவி நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல கேள்வி எப்போது கிடைக்கும்? இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றின் அடிப்படையில் பிறக்கும் சொற்களைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. ஒலியைச் சொல்லாக்குவதில் தமிழுக்கு உள்ள வளத்தை வகுப்பில் ஒரு மணிநேரம் பேசுவதுண்டு. அந்த நம்பிக்கையில் "நறநறன்னு" என்றோம். சற்று யோசித்து, "கரகரன்னும் சொல்லலாம்."

"அது பல்லைக் கடிக்கிறது சார், இது தொண்டை கட்டிக்கிறது. சத்தம் எப்படின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எப்ப வருதுன்னு சொல்லுங்க."

பிறகு அவர் கேட்ட கேள்விகளை வரிசையாக நினைவு வைத்திருக்கிறோம். மிதித்தால் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? மிதிக்காதபோதும் இருக்கிறதா? வேகம் கூடினால் கூடுகிறதா? இடப்பக்கம் திருப்பினால் எப்படி, வலப்பக்கம் திருப்பினால் எப்படி? வண்டி சூடான பிறகா, காலையில் எடுத்த உடனா? மிதியில் நடுக்கம் உண்டா? முன்னால் வேறு மாதிரிச் சத்தம் எதுவும் இருந்து, நின்றுபோயிற்றா?

கடைசிக் கேள்விக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிறீச் பற்றிச் சொன்னோம். அவர் உதவியாளிடம் திரும்பி, "கேட்டியா?" என்று மட்டும் சொன்னார்.

பேடின் ஓரத்தில் சிறிய இரும்பு நாக்கு ஒன்று வைத்திருப்பார்களாம். பேடு தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்கைத் தொட்டுக் கிறீச்சிடும். புதிதாக மாட்டும்போது பேடில் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு உராய்பொருள் இருக்கும். ஆகவே நாக்கு சத்தமிடும்போது முக்கால் ஆயுள் முடிந்தது என்று பொருள். எல்லாப் பேடிலும் இந்த நாக்கு இருக்காது, எங்களுடையதில் இருந்தது. இரண்டு மாதம் கத்திப் பார்த்துவிட்டு அதுவும் வளைந்து தேய்ந்து ஒழிந்திருக்கிறது. அந்த மௌனத்தைத்தான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய பரிசோதனை முறை எளிமையானது. எங்களையும் ஏற்றிக்கொண்டு, நீண்ட மதில்சுவர் உள்ள ஆளில்லாத தெரு ஒன்றில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நடைவேகத்தில் ஓட்டினார். சுவர் இடப்பக்கம் இருக்கும்படி ஒரு முறை, வண்டியைத் திருப்பி வலப்பக்கம் இருக்கும்படி ஒரு முறை. சக்கரத்தின் ஒலி சுவரில் பட்டுச் சன்னலுக்குள் திரும்பி வருகிறது. இடப்பக்கச் சுவர் சொன்னதை வலப்பக்கச் சுவர் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து மூன்று வாரம் 'முன்னால் எங்கிருந்தோ' என்று சொல்லிக்கொண்டிருந்த சத்தத்துக்கு அரை நிமிடத்தில் முகவரி கிடைத்துவிட்டது.

அடுத்து ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமுமாக வளைத்தார். சக்கரத்தின் பேரிங் போயிருந்தால், வலப்பக்கம் வளைக்கும்போது எடை இடது சக்கரத்தில் சாய்ந்து இரைச்சல் ஏறும், மறுபக்கம் வளைத்தால் இறங்கும். பிரேக்குக்கும் அதற்கும் தொடர்பு இராது. இங்கே அப்படி ஏறி இறங்கவில்லை. முழுதாகத் திருப்பும்போது டக் டக் என்று எண்ணக்கூடியதாகக் கேட்டால் ஆக்சில் மூட்டு, அதுவும் இல்லை. டிஸ்குக்குப் பின்னால் உள்ள தகரத் தட்டில் சிறுகல் மாட்டியிருந்தால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். எங்களுடையது மிதிக்காதபோது முணுமுணுத்தது, மிதித்தால் அலறியது. "மிதிக்காதப்பவும் கொஞ்சம் இருக்கே, அதான் விஷயம். பேடு தேஞ்சது மட்டும்னா மிதிச்சாத்தான் வரணும். எதுவோ புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

ஷெட்டுக்குத் திரும்பி, சக்கரத்தின் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுழற்ற முயன்றார். அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. வலப்பக்கச் சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. கழற்றியதும் வெளிப்பேடு தெரிந்தது. சர்வீஸ் நிலைய இளைஞர் சொன்னது பொய்யில்லை; பாதிக்கு மேல் இருந்தது. டிஸ்கின் வெளிமுகமும் கண்ணாடி போல் பளபளத்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிப்பது காலிபர். கவ்வும் தாடைகளாக உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேடுகள். எங்களுடையது போன்ற கார்களில் பிஸ்டன் உட்பக்கத்தில் மட்டும்தான் உண்டு. மிதித்தால் அது உள்பேடை டிஸ்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிபர் முழுவதுமே இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அணைக்கும். காலை எடுத்தால் இரண்டும் மயிரிழை விலகும். இவ்வளவும் அந்த இரண்டு பின்கள் கிரீஸில் வழுக்குவதைப் பொறுத்தது. சுண்டுவிரல் பருமன் கூட இல்லாத பின்கள். அவை இறுகிக்கொண்டால் வெளிப்பேடு வெறுமனே உட்கார்ந்திருக்கும். உள்பேடு மட்டும் எல்லா வேலையையும் செய்யும், விலகவும் செய்யாது. சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பேடு மட்டும்.

கீழ்ப் பின் வந்தது. மேல்பின் வரவில்லை. துரு நீக்கும் எண்ணெய் தெளித்து, காத்திருந்து, தட்டி, மறுபடி தெளித்து, முக்கால் மணிநேரம் ஆயிற்று. அதுவரை பெரியவரும் மெக்கானிக்கும் பேசிக்கொண்டிருந்தது அழகான பேச்சு. டிப்போ வாசலைத் தாண்டும் முன்பே முதல் பிரேக்கை அடித்துப் பார்க்காத ஓட்டுநரைக் கூட இருப்பவர்கள் மதிக்க மாட்டார்களாம். "நீங்க காதாலயா ஐயா பாப்பீங்க?" என்றார் மெக்கானிக். "காது இருந்தவரைக்கும் காது, தம்பி. இப்ப கால்."

உள்பேடு கழன்று கையில் வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உராய்பொருள் என்று எதுவும் இல்லை. அதைத் தாங்கும் எஃகுத் தகடுதான் இருந்தது, அதுவும் ஓரத்தில் நீலம் பாரித்து. டிஸ்கின் உள்முகம் உழுத நிலம் போல வட்ட வட்டமாகச் சால் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது. இரும்பின்மேல் இரும்பு வைத்துத்தான் அந்த ஸ்கூட்டருக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.

இயற்பியல் அறிந்தவர் பிறகு வீட்டில் கணக்குப் போட்டார். 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதென்றால் ஏறத்தாழ 96,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 23 டிகிரி சூடேற்றும் வெப்பம். நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால் அதில் பெரும்பங்கு முன்சக்கரங்கள் இரண்டின் தலையில். அதில் ஒன்று இந்த நிலையில். கணக்கைப் போட்டு முடித்ததும் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டார்.

மேல்பின் ஒருவழியாக வந்தது. அதை மூடியிருந்த ரப்பர் உறையில் ஒரு வெடிப்பு. பின்னின் உடம்பு முழுக்கச் செந்துரு; கிரீஸ் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் இறுகிய மண். மெக்கானிக் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது ரோட்டுத் தூசி இல்ல சார். வண்டல். வண்டி தண்ணியில நின்னுச்சா?"

பாலத்தில்தான் நின்றது என்று சொல்ல வாயெடுத்தோம். பெரியவர் முந்திக்கொண்டார். "போன வருஷம் டிசம்பர்ல."

பத்து மாதம். வடிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை அந்த உறைக்குள் தங்கி, கிரீஸைக் கரைத்து, பின்னை மெதுவாக அரித்து இறுக்கியிருக்கிறது. மேம்பாலத்து மழையைப் பழி சொன்னோமே, அதற்கு இதில் பங்கே இல்லை. சத்தம் உரக்கத் தொடங்கிய நாளும் பாலத்திலிருந்து இறக்கிய நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல். துரு என்று நாங்கள் சொன்னதும் ஒருவகையில் சரிதான். எங்கே, எப்போதைய துரு என்பதுதான் தவறு.

டிஸ்கை லேத்தில் கொடுத்துக் கடைய முடியுமா என்று கேட்டோம். டிஸ்கின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சக் கனத்தைக் காட்டி, அதற்குக் கீழே போய்விட்டது என்றார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் முன்னிரண்டு டிஸ்கும் நான்கு பேடுகளும் வேண்டும். பின்களும் உறைகளும் கூட. உதவியாள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் வந்தார். பொருள்கள் 6,400 ரூபாய், கூலி 1,200. நாங்கள் தொலைக்கவிருந்ததை எண்ணினால் அது பணமே இல்லை.

பொருள் வரக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தோம். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றது 1902இல். டிஸ்கை அழுத்தச் செம்பு வைத்துப் பார்த்திருக்கிறார். காது கிழியும் சத்தம், தேய்மானமும் மிகுதி. ஹெர்பர்ட் புரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்பொருளைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சத்தம் அடங்கியது. பிறந்தபோதே இந்தக் கருவிக்கு நோய் சத்தம்தான் போலும். 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்றபின் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இதே ஊரில், பாடியில், 1962 முதல் பிரேக்ஸ் இந்தியா இயங்கி வருகிறது. பிரேக் செய்யும் ஊரில் இருந்துகொண்டு பிரேக்கைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பிற்பாடு தெரியவந்த கதை. மெக்கானிக் பிரேக் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்ததற்குக் காரணம் கேட்டபோது, தம் குருநாதர் ஊதி ஊதியே இருமிச் செத்தார் என்றார். மேலே கேட்கவில்லை.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினார். புதுப் பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால், முதல் மிதி வெறுமையாகத் தரைவரை போகுமாம். அதை அறியாமல் கிளம்பி ஷெட்டின் சுவரை இடித்தவர்கள் உண்டு என்று, சுவரையும் காட்டினார். முதல் சில நாள்கள் கடுமையாக மிதிக்காமல் மெல்ல மெல்ல நிறுத்திப் பேடையும் டிஸ்கையும் பழக்கச் சொன்னார். "அடுத்த மழைத் தண்ணியில நின்னா, வடிஞ்ச வாரமே கொண்டாங்க. பின்னைக் கழட்டித் துடைச்சு கிரீஸ் வெக்க ஒரு மணிநேரம்."

பெரியவர் அந்தத் துருப்பிடித்த பின்னைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில், கேட்கும் கருவிக்குப் பக்கத்தில், போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது முன் இருக்கையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது, "ரேடியேட்டர் பக்கம் லேசா ஒரு சத்தம் இருக்கு மாமா" என்றோம். அப்படி ஒரு சத்தம் உண்மையிலேயே இருந்தது. அவர் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எப்ப வருது?" என்றார்.

அன்று ஷெட்டிலிருந்து திரும்பியபோது கேட்டு மூடியிருந்தது. தெருமுனையிலிருந்து சத்தமே இல்லாமல் வந்து நின்றிருக்கிறோம். காவலாளி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை ஹார்ன் அடித்த பிறகே எழுந்து வந்து, யாரோ என்று கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.